நோட்டரி கையெழுத்து போட்டால் பெயர் மாறிவிடாது

குன்னூர், கோத்தகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: “20 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும், குழந்தையின் பெயர் சட்டப்படி மாறிவிடும்.”

மாறாது. அது வெறும் உறுதிமொழி. தமிழ்நாட்டில் பெயர் மாற்றம் அரசிதழில் வெளியாக வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ எழுதுபொருள் அச்சுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டமே காலியாக இருந்தால்? அது பெயர் மாற்றமே இல்லை; அரசிதழும் வேண்டாம். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அப்புறம் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

எங்கே சேர்ப்பது என்பதில்தான் மலைக்காரர்கள் வீணாக அலைகிறார்கள். பிறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும். வீடு இருக்கும் ஊரில் அல்ல. பிரசவத்துக்குக் கடைசி நேரத்தில் கோவைக்கு அனுப்பியிருந்தால், அங்குள்ள பதிவேட்டில்தான் பிள்ளை இருக்கும். ஊட்டி நகராட்சியில் தேடிப் பயனில்லை. எந்த ஊர்ப் பதிவேடு என்று சான்றிதழிலேயே அச்சாகியிருக்கும், பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். அதற்கு முன் தாத்தா, பாட்டி, நியூமராலஜி எல்லாப் பஞ்சாயத்தையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவது பெரும்பாடு.