நல்ல இசை தானாக நிற்குமாம்!

ஞாயிற்றுக்கிழமை நம் இசைக் கூட்டத்தில், இசையமைப்பாளர் வைன்பெர்க்கைப் பற்றிய பேச்சில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை.

"வைன்பெர்க்கா? ஷோஸ்டகோவிச்சின் ஜெராக்ஸ். நல்ல இசை என்றால் தானாக நின்றிருக்கும், நீங்கள் ஏன் முட்டுக் கொடுக்கிறீர்கள்?" என்று அந்தப் பெரியவர் கேட்டாரே, கூடவே நாலு பேர் சிரித்தார்களே. (ஷோஸ்டகோவிச் என்றால் சோவியத்தின் பேர்போன இசையமைப்பாளர்.)

தானாக எப்படி ஐயா நிற்கும்? 1939இல் வார்சாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த யூதர் மியெச்சிஸ்வாவ் வைன்பெர்க். பெற்றோரையும் தங்கையையும் நாஜிகள் கொன்றார்கள். சரி, அடைக்கலம் தந்த சோவியத்திலாவது நிம்மதியா? 1948 ஜனவரியில் மாமனாரான நாடக நடிகர் மிகோயெல்ஸை ஸ்டாலின் ஆட்கள் கொன்றுவிட்டு, சாலை விபத்து என்றார்கள். 1953இல் இவரையே உள்ளே போட்டார்கள். ஸ்டாலின் செத்த பிறகுதான் வெளியே வந்தார். நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸைப் பற்றிய 'தி பாசஞ்சர்' ஆபராவை, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தை, 1968இல் முடித்தார். அது காட்சியமைப்போடு மேடை ஏறியது 2010இல், ஆஸ்திரியாவில். மனிதர் 1996லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தானாக நிற்குமாம்!

அவருடைய செல்லோ கான்செர்ட்டோவை (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ முன்னால் நிற்க, ஆர்கெஸ்ட்ரா கூட வாசிப்பது) ஒருநாள் வீட்டில் ஓடவிட்டிருந்தேன். 1948இல் எழுதி, 1957இல்தான் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச் வாசித்து அரங்கேறியது. தொடக்கத்தில் செல்லோ அவசரமே இல்லாமல் தனக்குத்தானே புலம்பிக்கொண்டு போகும். அம்மா மிக்சியை நிறுத்திவிட்டு வந்து, "யாருடா செத்துட்டாங்க?" என்று கேட்டாள். மேற்கத்திய இசை என்றாலே முகம் சுளிப்பவள். அவளிடம் யாரும் வரலாற்றைச் சொல்லவில்லை.

ஷோஸ்டகோவிச் சாயல் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அதனால் என்ன? தன் பத்தாவது குவார்டெட்டை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை) வைன்பெர்க்குக்குச் சமர்ப்பித்தவரே ஷோஸ்டகோவிச்தான். ஜெராக்ஸுக்கா சமர்ப்பணம் செய்வார்கள்? யூதப் பாடல்களை வைன்பெர்க் எழுதியது 1943இல். ஷோஸ்டகோவிச்சின் யூதப் பாடல் தொகுப்பு 1948. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அறுபதுகளில் வயலின் கலைஞர் கோகனும் இசை நடத்துநர் கோண்ட்ராஷினும் இவர் இசையை வாசிக்கவில்லையா என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். வாசித்தார்கள். அப்புறம்? வின்னி பூஹ் என்ற கரடிக் கார்ட்டூனுக்கு இவர் போட்ட மெட்டைச் சோவியத் குழந்தைகள் எல்லாம் பாடித் திரிந்தார்கள், போதுமா? ஆனால் 'தி பாசஞ்சர்' மட்டும் மேடை ஏறவில்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது அந்தச் சிரிப்புகூட இல்லை. ஆதரிக்கிறோம் என்று வருகிறவர்களும் நினைவு நாளுக்கு ஒரு நிமிட மௌனம், ஒரு வைன்பெர்க் என்று முடித்துவிடுகிறார்கள். பாவம், யூதர், துன்பப்பட்டார். பரிதாபத்தை யார் கேட்டது? பழைய இசை மேதை ஹேய்டனை அவர் பட்ட கஷ்டத்துக்காகவா கேட்கிறோம்?

பதினேழு குவார்டெட் எழுதியிருக்கிறார். மொத்தத்தையும் டேனல் என்ற குவார்டெட் குழு பதிவு செய்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எட்டாவதைப் போடுங்கள். ஸ்பீக்கரை நானே தூக்கி வருகிறேன். பெரியவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.