1.3 லீற்றர் என்பதை நம்பி வாங்காதீர்கள்
மஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 கார் பழையது மலிவாக வருகிறது, 1.3 லீற்றர் எஞ்சின்தானே, பெற்றோல் குறைவாகத்தான் குடிக்கும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அதில் இருப்பது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின், அதில் 1308 சிசி என்பது சாதாரண எஞ்சின் கணக்கு இல்லை, லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினாலே நல்லது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்களே, அதில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஒருமுறை போய்வந்தால் சரி, முடிந்தது.

அப்புறம் ஒயில். ரோட்டர் முனைகளில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் சீல் தேயாமலிருக்க இந்த எஞ்சின் ஒயிலையும் சேர்த்தே எரிக்கும், அது பழுதில்லை, அமைப்பே அப்படித்தான், ஆனால் இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒருதரமாவது ஒயில் பார்க்காமல் விட்டால் சீல் போய்விடும். சீல் போனால் எஞ்சினையே பிரிக்கவேண்டும். மாங்குளத்திலோ பரந்தனிலோ இதைப் பிரித்துப் பூட்டிய கைகள் எத்தனை? எஞ்சினுக்குள் அழுத்தம் பார்க்கும் சாதாரண கொம்பிரஷன் மீற்றர்கூட இதற்குச் சரிவராது, ஒரு ரோட்டரின் மூன்று பக்கத்தையும் தனித்தனியே காட்டும் கருவி வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முற்றத்தில் கொஞ்சம் நகர்த்திவிட்டு உடனே நிறுத்தினால் பிளக் பெற்றோலில் நனைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். எனக்கும் அந்தக் கார் மிகவும் பிடிக்கும், அந்தச் சத்தம் வேறெதிலும் வராது. ஆனால் வெளிநாட்டு அண்ணன் அனுப்பிய காசில் முதல் கார் வாங்கும் தம்பிமாருக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.