எல்லாருக்கும்தானே மூடினார்கள்

"சட்டம் வந்து அறுபது வருஷம் ஆச்சு, கறுப்பர் ஒருத்தரை ரெண்டு தடவை அதிபராக்கிய நாடு அமெரிக்கா, அங்க போய் இன்னும் நிறவெறி நிறவெறின்னு பழசையே கிளறிட்டு இருக்கீங்களே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒழுங்கான பதில் வாயில் வரவில்லை, வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன், அவரும் படிப்பார்.

அவர் சொன்னதில் பாதி சரி. 1964இல் சிவில் உரிமைச் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம், 1968இல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம். இதெல்லாம் யாரோ மனமிரங்கிக் கொடுத்தது இல்லை. பேருந்தில் நிறம் பார்த்து இருக்கை பிரித்ததை எதிர்த்து மான்ட்கோமெரி நகரத்துக் கறுப்பர்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் வேலைக்கு நடந்தே போனார்கள், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் செல்மா என்ற ஊரின் பாலத்தில் தலை உடைய அடி வாங்கினார்கள். 'எதுவுமே மாறவில்லை' என்று பேசுபவர்களைக் கண்டாலும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒரு நீச்சல் குளத்தின் கதை இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம். அங்கே நகராட்சி ஐந்து நீச்சல் குளங்களை நடத்தி வந்தது. நான்கு வெள்ளையர்களுக்கு, ஒன்று கறுப்பர்களுக்கு. நிறம் பார்த்துப் பிரித்து வைக்கக் கூடாது என்று 1960களில் நீதிமன்றம் சொன்னதும், பூங்காவைத் திறந்துவிட்டார்கள், மிருகக்காட்சி சாலையைத் திறந்துவிட்டார்கள். குளத்தில் மட்டும் மனசு வரவில்லை. ஒரே தண்ணீரில் எப்படி? என்ன செய்தார்கள் தெரியுமா, சொந்தமாக வைத்திருந்த நான்கையும் மூடிவிட்டார்கள், குத்தகைக்கு எடுத்திருந்த ஐந்தாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தங்கள் பிள்ளைகள் வெயிலில் காய்ந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் கறுப்புப் பிள்ளை குளிக்கக் கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு: இரு தரப்புக்கும் சேர்த்துத்தானே மூடியிருக்கிறார்கள், இதில் பாகுபாடு எங்கே இருக்கிறது?

ஜாக்சன் மட்டும் இல்லை, பல ஊர்களில் இதே கதைதான், சில இடங்களில் மண்ணைக் கொட்டியே நிரப்பினார்கள். வசதி இருந்தவர்கள் உறுப்பினர் கட்டணம் கட்டித் தனியார் கிளப் குளங்களுக்குப் போனார்கள், இல்லாதவர்கள் நீச்சலே கற்கவில்லை. நீந்தத் தெரியாத அம்மா பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டாள், அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையையும் விடாது. இன்றைக்கு அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கைப் பாருங்கள், 10 முதல் 14 வயதுக்குள் நீச்சல் குளத்தில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கறுப்புப் பிள்ளைகளிடம் ஏழு மடங்குக்கும் மேல். இதில் இன்று வில்லன் என்று யாரைக் காட்டுவது? குளத்தை மூடியவர்களில் பாதிப் பேர் செத்தே போயிருப்பார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். நிறவெறி என்றால் கத்துகிற ஒரு ஆளைத் தேடுகிறோம், ஆள் கிடைக்காவிட்டால் நோய் தீர்ந்துவிட்டது என்கிறோம். அது ஆளைவிட்டு எப்போதோ இறங்கிப் போய்ப் பொருளிலும் கணக்கிலும் உட்கார்ந்துவிட்டது.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) அளவை வைத்துக் கணக்கிடும் ஒரு சூத்திரம் உண்டு, விடை குறையக் குறைய சிறுநீரகம் மோசம் என்று அர்த்தம். நோயாளி கறுப்பர் என்றால் வரும் விடையைச் சுமார் 1.2ஆல் பெருக்கிவந்தார்கள். கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்று ஒரு விளக்கம். 18 என்று வரவேண்டிய எண் 21ஐத் தாண்டிவிடும். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் கணக்கு தொடங்கும். அந்த மனிதர் டாக்டரிடம் போகிறார், டாக்டர் நல்லவர், அன்பாகத்தான் பேசுகிறார், "இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை" என்கிறார். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. 2021இல்தான் நிறத்தைக் கழித்துவிட்டுப் புதிய சூத்திரத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பின்னால் பழைய காத்திருப்புக் காலத்தைத் திருத்தியதில் ஆயிரக்கணக்கானோருக்கு இழந்த நாட்கள் திரும்பக் கிடைத்தன. அதற்குள் இறந்துபோனவர்களுக்கு என்ன கிடைத்தது?

கொரோனா சமயத்தில் நாமெல்லாரும் விரலில் மாட்டிக்கொண்டு 95, 96 என்று பார்த்துக்கொண்டிருந்தோமே, அந்த ஆக்சிமீட்டரும் அப்படித்தான். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது, வெள்ளையர்களைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நடக்கிறது என்று 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதினார்கள். நம் விரலும் ஒன்றும் வெள்ளை இல்லை, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயம் ஊரறிந்தது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் தகுதியில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. எமிலி, கிரெக் என்று வெள்ளையர் வைக்கும் பெயர்களுக்கு வந்த அழைப்புகள், லகீஷா, ஜமால் என்று கறுப்பர் வைக்கும் பெயர்களுக்கு வந்ததைவிட 50 சதவீதம் அதிகம். சரி, சொத்து? 1930களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பர்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு அடித்தது. அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. வீடு இல்லாத தாத்தா பேரனுக்கு எதை விட்டுப் போவார்? 2022 கணக்கில், வரிசையாக நிறுத்தினால் நடுவில் வரும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்புக் குடும்பத்துக்கு 44,900.

ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது, அப்புறம் என்னை ஏமாளி என்பீர்கள். கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்ளத் தடை போட்ட சட்டங்கள் செல்லாது என்று 1967இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அலபாமா மாநிலம் தன் அரசியல் சாசனத்திலிருந்து அந்த வரியை நீக்க வாக்கெடுப்பு நடத்தியது 2000இல். நீக்க வேண்டாம், இருக்கட்டும் என்று வாக்களித்தவர்கள் சுமார் 40 சதவீதம். செல்லாத வரிதான், அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை, இருந்தாலும் இருக்கட்டுமாம்.

இதையெல்லாம் நேற்று நண்பருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். குளத்துக் கதையில் தீர்ப்பு வரைக்கும் போகவில்லை, மூடினார்கள் என்பதோடு நிறுத்தியிருந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எல்லாருக்கும்தானே மூடினாங்க?" என்றார்.