உப்பு தீர்ந்துபோன போர்க்கப்பல்

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். 2025-ல் வந்த புது ‘கண்டம்’ அனிமேஷன் தொடரை ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிட்டு, “மாமா, இதெல்லாம் எங்கிருந்துதான் ஆரம்பிச்சுது? முதல்ல இருந்து பார்க்கணும்”னு நின்றான். நானும் ஆசையாக 1979-ல் வந்த ‘மொபைல் சூட் கண்டம்’ முதல் எபிசோடைப் போட்டுவிட்டேன். பத்து நிமிஷம் பொறுமையாக இருந்தான். அப்புறம் மெதுவாக, “மாமா, சிலேட்டுல சாக்பீஸ்ல வரைஞ்ச மாதிரி இருக்கே…”

பையன் சொன்னதில் தப்பில்லை. இன்றைய கண்ணுக்கு அது அப்படித்தான் இருக்கும்.

(தெரியாதவர்களுக்கு: இது ஜாதகத்தில் வரும் கண்டம் இல்லை, ஜப்பானியர்கள் ஒரு ரோபோவுக்கு வைத்த பெயர். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்தவர்கள் கதையைப் பார்த்தால் ஜாதகக் கண்டமும் பொருந்தித்தான் போகிறது.)

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இதை ஏன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, பிளாஸ்டிக் மாடல் வியாபாரம். இன்னொன்று, “அது போருக்கு எதிரான படைப்பு” என்ற பெரிய வார்த்தை. முதல் பதில் பாதி உண்மை. இரண்டாவதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். போர் கெட்டது என்று ஐந்தாம் வகுப்புக் கட்டுரையில்கூட எழுதிவிடலாம், அதற்கு 43 எபிசோடு வேண்டாம். அதுவும் இந்தத் தொடர் சண்டையை அவ்வளவு அழகாக வேறு காட்டும். ஸாகு என்ற எதிரி ரோபோவில், அதுவும் சிவப்பு வண்ணத்தில், மற்றவர்களைவிட மூன்று மடங்கு வேகத்தில் எதிரிப் படை வீரன் ஷார் வரும்போது யாருக்கும் அகிம்சை ஞாபகத்துக்கு வராது.

என்னை இழுத்துப் பிடித்தது உப்பு.

பதினாறாவது எபிசோடு. கண்டத்தைச் சுமந்துகொண்டு பறக்கும் வொயிட் பேஸ் போர்க்கப்பலின் சமையல்காரர் தமுரா, கேப்டன் பிரைட்டிடம் வந்து உப்பு தீரப்போகிறது என்கிறார். அவ்வளவுதான் நெருக்கடி. கப்பலில் பீரங்கி இருக்கிறது, எதிரியே மிரளும் ரோபோ இருக்கிறது, குழம்பில் போட உப்பு இல்லை. உப்பு இல்லாமல் மனித உடம்பு ஓடாது என்பதால் மத்திய ஆசியாவில் உப்பு ஏரியைத் தேடிப் போகிறார்கள். அதே நேரத்தில் சைலா என்ற பெண் யாரிடமும் சொல்லாமல் கண்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். வீரத்தைக் காட்டுவதற்காக இல்லை. எதிரிப் படையில் இருக்கும் தன் அண்ணனைப் பற்றி விசாரிக்க ஒரு ஆள் கிடைப்பானா என்று. உலகத்திலேயே விலை உயர்ந்த ஆயுதத்தை அண்ணனைத் தேடக் கொண்டுபோகிறாள்!

1972-ல் ‘மஸிங்கர் ஸெட்’ வந்து, ஒரு பையன் ரோபோவுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து ஓட்டலாம் என்று காட்டியதிலிருந்து ஜப்பான் தொலைக்காட்சியில் இந்த வகைக்கு ஒரு சூத்திரம் விழுந்துவிட்டது. வாரம் ஒரு அரக்கன் வருவான், கடைசி ஐந்து நிமிஷத்தில் செத்துப்போவான். நம் ஊர் சாமிப் படத்தில் கடைசியில் அம்மன் சூலத்தோடு வருவது போலத்தான். அந்த ரோபோ ஒரு சாமி. சாமிக்குப் பெட்ரோல் போடுவதையோ, குண்டு தீர்ந்ததா என்று பார்ப்பதையோ யாரும் காட்ட மாட்டார்கள்.

இயக்குநர் யோஷியுகி தொமினோ இதைத்தான் மாற்றினார். கண்டம் சாமி இல்லை, ராணுவத் தளவாடம். குண்டு தீரும், ரிப்பேர் ஆகும். எதிரியின் ஸாகுவும் அரக்கன் இல்லை, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து அனுப்பும் சரக்கு. இவ்வளவு தொழில்நுட்பம் இருந்தும் ஏன் கைகலப்புச் சண்டை என்று கேட்டால் அதற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள்: மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்று ரேடாரைக் கெடுத்துவிடும், அதனால் கண்ணால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கற்பனைதான். ஆனால் பொறுப்பான கற்பனை.

முதல் எபிசோடிலேயே இது ஆரம்பித்துவிடுகிறது. அமுரோ ரே, பதினைந்து வயசுப் பையன், கையில் கிடைத்த மேனுவலைப் புரட்டிக்கொண்டே கண்டத்தைக் கிளப்புகிறான். முதல் ஸாகுவை வெட்டியதும் அது வெடித்து, அவர்கள் வாழும் விண்வெளிக் குடியிருப்பின் சுவரிலேயே ஓட்டை போட்டுவிடுகிறது. அந்த ஓட்டை வழியாக வெற்றிடத்துக்குள் இழுக்கப்படுபவர்களில் ஒருவர் அவனுடைய அப்பா, அந்த ரோபோவையே உருவாக்கியவர். அது அவனுக்குத் தெரியாது. அவன் யோசிப்பதெல்லாம், அடுத்த ஸாகு வெடிக்கக் கூடாது என்பதுதான். அப்படியென்றால் எஞ்சினைத் தொடாமல் ஓட்டுபவன் உட்கார்ந்திருக்கும் அறையை மட்டும் குத்த வேண்டும். குத்துகிறான். இயந்திரம் முழுசாக நிற்கிறது, உள்ளே இருந்த மனிதன் மட்டும் இல்லை. பொம்மை விற்பதற்காக எடுத்த தொடரின் முதல் எபிசோடு இது!

பொம்மை என்றதும் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பணம் போட்டது க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மை. கதையோ ஹைஸ்கூல் வயசுக்கு மேல். 1979 ஏப்ரலில் நகோயா தொலைக்காட்சியில் ஆரம்பித்த தொடரை 52 எபிசோடு ஓட்டுவதாகத் திட்டம். பார்வையாளர்களும் குறைவு, பொம்மையும் போகவில்லை என்று 43-லேயே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். 1980 ஜனவரியில் கதை முடிந்தது. நடுவில் பொம்மைக் கம்பெனியைத் திருப்திப்படுத்த ‘ஜி-ஃபைட்டர்’ என்று ஒரு கூடுதல் வாகனத்தையும் கதைக்குள் திணிக்க வேண்டியிருந்தது. பின்னால் சினிமாவாகத் தொகுத்தபோது தொமினோ முதல் வேலையாக அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறு விமானத்தை வைத்தார். எவ்வளவு நாள் மனசுக்குள் கறுவியிருப்பாரோ.

அப்புறம்தான் வேடிக்கை. 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி 300 யென் விலையில் பிளாஸ்டிக் மாடல் விட்டது. பையன்கள் தாங்களே ஒட்டி, வண்ணம் பூசி, குண்டடி பட்ட தழும்புகூடப் போட்டுக்கொண்டார்கள். தளவாடம் என்று தொமினோ சொன்னதைப் பிடித்துக்கொண்டது அந்தப் பையன்கள்தான். 1981, 82-ல் மூன்று படங்களும் வந்து ஊரே திரண்டது. க்ளோவரோ 1983-ல் திவாலாகிவிட்டது. கையில் இருந்தது என்னவென்றே தெரியாமல் விட்டவர்கள்.

யோகோஹாமா துறைமுகத்தில் 18 மீட்டர் உயரத்துக்கு, நிஜ அளவிலேயே, அசையும் கண்டம் ஒன்றைச் செய்து 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை வைத்திருந்தார்கள். நேரில் பார்க்காமல் விட்டது எனக்குக் குறைதான். ஆனாலும் அந்த உயரத்தைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் தொடரைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அதில் மனசில் நிற்கும் இடங்கள் எல்லாம் ரொம்பச் சின்ன இடங்களில் நடப்பவை.

ராம்பா ரால் வரும் சாப்பாட்டுக் கடையைச் சொல்கிறேன். கப்பலில் கோபித்துக்கொண்டு ஓடிவந்த அமுரோ பாலைவனத்தில் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரிப் படை உள்ளே வருகிறது. தலைவன் ராம்பா ராலின் துணைவி ஹாமோன் இந்தப் பையனுக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்கிறாள். “நான் பிச்சைக்காரன் இல்லை” என்கிறான். அந்த ரோஷம் ராலுக்குப் பிடித்துவிடுகிறது. பையன் துணிக்கு அடியில் துப்பாக்கி வைத்திருப்பது தெரிந்தும் போகவிடுகிறார். பிறகு நடக்கும் சண்டையில் இரண்டு ரோபோவின் மார்பும் பிளக்க, உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். சோறு போடச் சொன்ன ஆள்! அதற்குப் பிறகு அமுரோவுக்கு எதிரி என்ற சொல் பழையபடி இல்லை. பார்க்கிற நமக்கும்தான்.

குறையே இல்லையா? நிறைய. பதினைந்தாவது எபிசோடில் ஓவியம் அவ்வளவு மோசம், ரசிகர்களே கேலி செய்வார்கள். (அதே கதையை யோஷிகாசு யாசுஹிகோ 2022-ல் தனிப் படமாகவே எடுத்து மானத்தைக் காப்பாற்றினார்.) பாத்திரங்களை வரைந்த அவரே தொடரின் பிற்பகுதியில் நோயில் படுத்துவிட்டதால் முகங்கள் கோணிக்கொண்டு போவது நன்றாகவே தெரியும். ‘நியூடைப்’ என்று மனிதர்கள் மனசோடு மனசு பேசிக்கொள்ளும் சமாச்சாரம் வந்த பிறகு கதை கொஞ்சம் காற்றில் பறக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் எதிரிப் பக்கத்து நியூடைப் பெண் லாலா வரும்போது மட்டும் எழுந்து போக முடியவில்லை. மாநிறம், நெற்றியில் பொட்டு, நம் தெருப் பெண் போலவே இருப்பாள். போர்க்களத்தில் அமுரோவைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள், அவன் கையாலேயே சாகிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா. விண்வெளிக்குள் இழுக்கப்பட்ட அந்த அப்பா சாகவில்லை. நடுநிலைக் குடியிருப்பு ஒன்றில் அமுரோ அவரைக் கண்டுபிடிக்கிறான். ஆக்சிஜன் இல்லாமல் கிடந்ததில் மூளை கெட்டுப்போயிருக்கிறது. மகன் எப்படி இருக்கிறான் என்றுகூடக் கேட்கத் தோன்றாமல், கண்டத்தின் திறனைக் கூட்டும் என்று ஒரு சர்க்யூட்டைக் கையில் திணிக்கிறார். பையனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது, அது எப்போதோ காலாவதியான பழைய சாமான் என்று. வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். ஓடுகிறான். தெருவில் ஓங்கி எறிகிறான்.

முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ். சிலேட்டு, சாக்பீஸ் என்று சொன்ன அதே ஆள். ஊருக்குப் போனவன் எனக்குச் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“மாமா, 33 முடிச்சேன். அவங்க அப்பா முன்னாடி எதுவும் சொல்லாம வாங்கிக்கிட்டான்ல?”

“ஆமாடா”ன்னு போட்டேன்.

நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்னும் பத்து எபிசோடு இருக்கிறது அவனுக்கு.