கெட்டுப்போக அங்கே ஒன்றும் இல்லை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கே மாதவிடாய் கப் (நாப்கினுக்குப் பதிலாக, ரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைத்துக்கொள்ளும் சின்னக் கிண்ணம்) பற்றிப் பேசப் போனாலும் ஒரு கேள்வி வந்துவிடும். கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து டீ குடித்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது ஒரு அம்மா பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "ஏனுங்க்கா, கல்யாணம் ஆன நாம வெச்சுக்கலாம். வயசுப் புள்ளைக்குக் குடுத்தா கெட்டுப் போயிராதுங்களா?"

நான் ஆஷா பணியாளர், வீடு வீடாகப் போகும் ஊர் சுகாதாரப் பணியாளர். சித்தூர் தாலுகாவில் நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் தமிழ்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். ஆலப்புழையில் 2019-லேயே 'திங்கள்' திட்டத்தில் 5,000 கப் இலவசமாகக் கொடுத்தார்கள். 2022-ல் கும்பளங்கி, நாப்கினே இல்லாத நாட்டின் முதல் பஞ்சாயத்து என்று அறிவிக்கப்பட்டது. அதே கேரளத்தில்தான் நாங்களும் இருக்கிறோம். ஆனால் எங்கள் வீடுகளில் கப் டப்பாவோடு பீரோவில் தூங்குகிறது. காரணம் விலையும் இல்லை, கூச்சமும் இல்லை. அந்த அம்மா கேட்ட கேள்விதான்: கப் வைத்தால் கன்னிச்சவ்வு கிழிந்து, பெண் 'கெட்டுப்போனவள்' ஆகிவிடுவாளோ என்ற பயம்.

அதனால் பச்சையாகவே எழுதுகிறேன். கன்னிச்சவ்வு என்பது பாட்டில் மூடியில் இருக்கும் சீல் இல்லை. பிறப்புறுப்பின் வாசலை ஒட்டி விளிம்பு போல இருக்கும் மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். சிலருக்கு வளையமாக, சிலருக்குப் பிறை வடிவில், சிலருக்கு நடுவில் குறுக்கே ஒரு பட்டையோடு இருக்கும். சிலருக்கு இருப்பதே தெரியாது. அநேகமாக எல்லாருக்கும் பிறக்கும்போதே அதில் திறப்பு உண்டு. இல்லையென்றால் மாதாமாதம் ரத்தம் எப்படி வெளியே வரும்? வயதுக்கு வரும் காலத்தில் அது இன்னும் தடித்து, நெகிழ்ந்து கொடுக்கும் தன்மைக்கு வந்துவிடும். உடலுறவில் சிலருக்கு லேசாகக் கிழியலாம், பலருக்கு நெகிழ்ந்து அப்படியே இருந்துவிடும். 2004-ல் அமெரிக்காவில் கர்ப்பமான இளம்பெண்கள் 36 பேரைப் பரிசோதித்தார்கள். உறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் 2 பேரிடம் மட்டும்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தவர்களிடமே இப்படி என்றால், ஒரு டாக்டரோ மாமியாரோ பார்த்து என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

சவ்வு முழுதாக மூடியிருந்தால் அது கற்பும் இல்லை, புனிதமும் இல்லை. சிகிச்சை தேவைப்படும் குறைபாடு. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஊர் பேர் வேண்டாம். கூடப் படித்தவர்கள் எல்லாம் வயதுக்கு வந்துவிட்டார்கள், இவள் மட்டும் வரவில்லை. மாதம் ஒரு தடவை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். சூட்டு வலி என்று வெந்தயம், மோர். அப்புறம் மந்திரித்த கயிறு. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் "இன்னும் ஆகலையா?" என்று கேட்டுக் கேட்டு, அம்மா அவளை வெளியே கூட்டிப்போவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு உப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் தெரிந்தது: அவள் எப்போதோ வயதுக்கு வந்துவிட்டாள். சவ்வில் துளையே இல்லாததால் பல மாத ரத்தம் உள்ளேயே தேங்கிக் கிடந்தது.

சின்ன அறுவை சிகிச்சைதான், கீறி விட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதைக் கீறிட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்னன்னு சொல்றதுங்க்கா?" திரைக்கு அந்தப் பக்கம் ட்யூப் போட்டுப் படுத்திருந்தவளுக்கு அது காதில் விழுந்தது. எல்லாருக்கும் இருக்கும் திறப்பைத்தான் டாக்டர் இவளுக்கு உண்டாக்குகிறார், விட்டால் ரத்தம் கருப்பைக்கும் குழாய்க்கும் ஏறிவிடும் என்று டாக்டர் மலையாளத்திலும் நான் தமிழிலும் மாறி மாறிச் சொன்னோம். அப்பாவிடம் போனில் பேசி, பெரியப்பாவிடம் பேசி, அதற்கப்புறம்தான் கையெழுத்து. அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை வலியில் கிடந்தாள். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரை அந்த நேரத்தில் அப்படி யோசிக்க வைத்த நம்ம ஊர்ப் பேச்சின் மேல்தான் கோபம்.

முதலிரவில் ரத்தம் வராவிட்டால் சந்தேகம். வந்தால் பெருமை. உண்மையில் பல பெண்களுக்கு வருவதில்லை. வருகிறது என்றால் பெரும்பாலும் பயம், அவசரம், ஈரமே இல்லாமல் நடந்ததால் ஏற்பட்ட காயம். அந்தப் பெண்ணுக்கு வலித்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்படுகிறோம். 'தளர்ந்து போயிருக்கிறது' என்ற பேச்சும் இதே ரகம்தான். பிறப்புறுப்பைச் சுற்றி இருப்பது தசை. பயந்தால் இறுகும், மனம் இளகினால் தளரும். எத்தனை பேர், எத்தனை முறை என்று அது கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

படித்தவர்கள் சொல்லும் ஒரு சமாதானமும் எனக்குப் பிடிக்கவில்லை. "சைக்கிள் ஓட்டினாலும் கிழியும், கபடி ஆடினாலும் கிழியும், அதனால் சந்தேகப்படாதீர்கள்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும் அம்மாக்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சைக்கிளை நிறுத்துகிறார்கள், கபடிக்குப் பெயர் கொடுக்க விடுவதில்லை. அதோடு, அந்தச் சமாதானத்துக்குள் விசாரணை அப்படியே இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது, அவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு, உடம்பில் ஏதாவது அடையாளம் நிஜமாகவே இருந்தாலும், அதைத் தேடிப் பார்க்க புருஷனுக்கோ மாமியாருக்கோ போலீசுக்கோ என்ன உரிமை? மாப்பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேட்டதுண்டா?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உறவு கொண்டவளா என்று பிறப்புறுப்பில் விரலை விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் பரிசோதனை' பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. 2022 அக்டோபரில் இன்னும் கறாராக, அதைச் செய்பவர்கள் நடத்தை விதியை மீறிய குற்றத்துக்கு ஆளாவார்கள் என்றது. நம்ம கோட்டயத்துக் கன்னியாஸ்திரீ அபயா கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இன்னொரு கன்னியாஸ்திரீக்கு 2008-ல் இப்படி ஒரு கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பு சொன்னது. வழக்கில் அவர் குற்றவாளியா இல்லையா என்பது வேறு விஷயம். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரிடம்கூடச் செய்யக் கூடாததைக் கல்யாணமாகி வந்த பெண்ணிடம் செய்யலாமா? இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, கைவிடுங்கள் என்று உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. அமைப்புகளும் 2018-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன.

கப் வாங்கி வைத்திருக்கும் அம்மாக்கள் மகளிடம் கொடுங்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால் பயன்படுத்தட்டும், நாப்கின்தான் வேண்டும் என்றால் அதுவும் சரி. 15 வயது முடிந்தும் பெண் வயதுக்கு வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். மாதாமாதம் வலி மட்டும் வந்தால் 15 வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள். வயிற்றின் மேலே வைத்து எடுக்கும் ஸ்கேன்தான், பயப்பட ஒன்றுமில்லை. புகுந்த வீட்டில் யாராவது டாக்டரிடம் காட்டி சர்டிபிகேட் வாங்கி வா என்றால், முடியாது என்று சொல்லிவிட்டு பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். கேரள, தமிழ்நாடு எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.