சிவப்புத் தலைத்துணிப் பெண்: அரசு ஒட்டிய போஸ்டர் அல்ல

"இரண்டாம் உலகப் போரில் பெண்களை வேலைக்கு அழைக்க அமெரிக்க அரசு நாடு முழுக்க ஒட்டிய போஸ்டர் இது, இவர்தான் ரோஸி" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (ரோஸி என்பது அந்தப் போர்க்கால ஆலைகளில் உழைத்த அமெரிக்கப் பெண்களின் அடையாளமாக வழங்கிய கற்பனைப் பெயர்.) மஞ்சள் பின்னணி, புள்ளி போட்ட சிவப்புத் தலைத்துணி, மடக்கிய கை, மேலே "நம்மால் முடியும்!" படம் உண்மையானது, விளக்கம் தவறு.

ஜே. ஹோவர்ட் மில்லர் இதை வரைந்தது வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க மின்சாதனத் தயாரிப்பு நிறுவனத்துக்காக. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை ஊக்கப்படுத்த, அந்நிறுவனத்தின் ஆலைகளுக்குள் மட்டும் ஒட்டினார்கள். ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. வெட்டப்படாத பிரதியில் கீழே இடது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பிப்ரவரி 15 முதல் 28 வரை ஒட்டவும் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆண்டு 1943. சட்டைக் காலரில் இருப்பது நிறுவன ஊழியர் பேட்ஜ். ஃபார்வர்டில் பெரும்பாலும் இந்த ஓரம் வெட்டப்பட்டே வருகிறது; குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ரோஸி என்ற பெயரும் அன்று இந்தப் படத்துக்கு இல்லை. 1943 மே மாதம் ஒரு வார இதழின் அட்டையில் நார்மன் ராக்வெல் வரைந்த ரோஸி வேறு பெண். மில்லரின் படம் பரவலானது 1980களில்தான்.

அரசு உண்மையில் ஒட்டியவற்றின் தொனியே வேறு. 1944இல் வந்த ஒன்றில், கணவனின் கடிதங்களை நெஞ்சோடு அணைத்த பெண்ணிடம் 'ஏங்கினால் அவர் சீக்கிரம் வந்துவிட மாட்டார், போர்க்கால வேலையில் சேருங்கள்' என்கிறார்கள். தன்னம்பிக்கையை அல்ல, பிரிவின் வலியைத் தொட்டார்கள்.

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் இரண்டின் தளங்களிலும் முழுப் படத்தைப் பார்க்கலாம். பழைய விளக்கத்தோடு இதை மேலும் அனுப்ப வேண்டாம்.