வெள்ளகவியை யாரும் கண்டுபிடிக்கல

கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமம் வெள்ளகவிக்குப் போய் ஒரு தம்பி எடுத்த வீடியோவைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நட்புப் பட்டியல்ல பாதிப் பேர் ஷேர் பண்ணிட்டீங்க, இனி எங்க ஓடுறது?

"செருப்பே போடாத மர்ம கிராமத்தைக் கண்டுபிடிச்சோம்." அப்படியா! 1821-ல பி.எஸ். வார்டுங்கிற ஆங்கிலேய சர்வேயர் கொடைக்கானல் மலையை அளக்க ஏறினதே வெள்ளகவில இருந்துதான். கொடைக்கானல்ல அமெரிக்க மிஷனரிங்க பங்களா கட்டினது 1845-ல. நீங்க சாக்லேட் வாங்கித் திங்கிற டவுனை விட மூத்த ஊருங்க அது.

இதுல மர்மம் என்ன இருக்கு? ஊரெல்லாம் கோயில், கோயிலை ஒட்டி வீடு. அதனால ஊர் எல்லையிலயே செருப்பைக் கழட்டிடுறாங்க. தம்பி ஷூவோட உள்ள நடந்துட்டு, பெரியவர் ஒருத்தர் சத்தம் போட்டதையும் 'கன்டென்ட்' ஆக்கிட்டார். கழட்ட ரெண்டு நிமிஷம் ஆகுமா? லேஸ் ரெண்டையும் முடிச்சுப் போட்டு, ஒரு பைக்குள்ள சுத்தி, முதுகுப்பைல வைங்க. அவ்வளவுதான். கல்லு குத்தும், மெதுவா நடங்க. சந்து குறுகல், திண்ணை முட்டும். கேமராவைத் தூக்கினா நேரா அடுத்தவங்க அடுப்படி தெரியும். அதனால அதையும் உள்ள வைங்க.

"அப்போ யாருமே போகக் கூடாதா?" போங்க. ஒழுங்காப் போங்க. கொடைக்கானலுக்கு 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் வேணும். வட்டக்கானல்ல இறங்கி, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி கீழ இறங்குற பாதை அது. காடு, அதனால வனத்துறைல கேட்காம காலெடுத்து வைக்காதீங்க. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணில மலையேறப் போனவங்கள்ல காட்டுத்தீ எத்தனை உயிரைக் கொண்டுபோச்சுன்னு மறந்துட்டீங்களா? காலைலயே கிளம்புங்க, மத்தியானத்துக்கு மேல மூடுபனி இறங்கினா வேர் எது, பள்ளம் எதுன்னு தெரியாது. ஷூ தளர்வா இருந்தா இறக்கத்துல பெருவிரல் முன்னாடி போய் இடிச்சு நகம் கறுத்துடும், கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டுங்க. மழைக்காலம்னா அட்டை ஏறும். பிச்சு இழுக்காதீங்க, உப்பு வைங்க. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், எவர்சில்வர் பாட்டில்ல. திரும்பி ஏறணுமே, அதுக்கும் சேர்த்துத்தான்.

"மூடநம்பிக்கைக்கு வக்காலத்தா?"ன்னு ஒருத்தர். உங்க வீட்டு ஹால்ல நான் பூட்ஸோட வந்து நின்னா பகுத்தறிவுன்னு காபி கொடுப்பீங்களா சார்? "நாங்க போறதால அவங்களுக்கு வருமானம்"ங்கிறதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அங்க விளையிற காபிக்கொட்டை, மிளகை நீங்க கிலோ கணக்குலயா வாங்கிட்டு வந்தீங்க? பிள்ளைங்க கையில மிட்டாயைத் திணிச்சு வீடியோ எடுத்தீங்க. அது வருமானமா?

போன தடவை இதைச் சொன்னதுக்கு "நீ என்ன ஊர்த் தலைவரா"ன்னு கேட்டீங்க. இல்லைங்க. எரியுது, சொல்றேன்.

இன்னொண்ணு. "நாகரிகம் தொடாத ஊர்"னு பின்னணி இசையோட சொல்றாரே, தொடாம விட்டது யாரு? ரோடு கேட்டு எத்தனை மனு! அரிசியும் சிமெண்டும் குதிரை முதுகுல போன ஊரு. பிரசவ வலி வந்தா கம்புல போர்வையைக் கட்டித் தூக்கிட்டு மலை ஏறினவங்க. அந்தப் போர்வையை ஒரு முனைல நீங்க தூக்கிப் பாருங்க, அப்புறம் 'அழகிய தனிமை'ன்னு தலைப்பு வைங்க.

ரூட் மேப் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க. வனத்துறை அலுவலகம் கொடைக்கானல்லயே இருக்கு, அங்க போய்க் கேளுங்க.